ஜாதகம் தேடி முடியும்வரை திரையில் என்ன காட்டுவது

ஆரோக்கியமேரிக்கு அதுவரை இரண்டு முறை வேலை போயிருந்தது. இரண்டு முறையும் காரணம் ஒன்றுதான்.

பாரிமுனையில் ஒரு கப்பல் ஏஜென்சியின் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தபோது, மேலாளர் ஒரு வாடிக்கையாளரிடம் சரக்கு நேற்றே கப்பல் ஏறிவிட்டது என்று போனில் சொல்லிக்கொண்டிருந்தார். "ஏறலையே சார், குடோன்லதானே கீது" என்றாள் இவள் பக்கத்து மேஜையிலிருந்து. மெதுவாகச் சொல்லவில்லை. போனின் மறுமுனைக்கும் கேட்டது. அடுத்தது நுங்கம்பாக்கத்தில் ஒரு மென்பொருள் கம்பெனி. ஒரு வேலை முக்கால்வாசி முடிந்துவிட்டதாக முதலாளி சொன்னதும், "எந்த முக்கால்? நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல" என்றாள். வேலையைக் கொடுத்தவர் எதிரில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்.

இதை நேர்மை என்று யாரும் பாராட்டவில்லை. உடன் வேலை பார்த்தவர்கள் வாய்க்கொழுப்பு என்றார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பொய் சொல்லி மாட்டிக்கொண்டவர்களின் முகம் சுருங்குவதைப் பார்ப்பதில் அவளுக்கு ஒரு ருசி உண்டு. சாந்தோமில் அவளும் அவள் தாயும் குடியிருந்த வீட்டுக்காரர் முதல், சர்ச் வாசலில் செருப்பைப் பார்த்துக்கொள்பவன் வரை அந்த ருசிக்கு ஆளாகாதவர்கள் குறைவு.

1999ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தியாகராய நகரில் சாய்நாத் நடத்திய கம்பெனியில் சேர்ந்தாள். பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் இரண்டு அறைகள். மற்றவர்களுக்கு இணையத்தில் பக்கங்கள் அமைத்துக் கொடுப்பது தொழில். சாய்நாத் அவளைவிட ஐந்தாறு வயது இளையவன். பேச்சில் கெட்டிக்காரன். எந்த வேலையையும் முடியாது என்று சொல்லி அவன் திருப்பியனுப்பியதில்லை. முடியுமா என்று யாரிடமும் கேட்டதும் இல்லை. ஆறு மாதம் பார்த்துவிட்டு வேலையை நிரந்தரமாக்கிக் கடிதம் தருவதாகச் சொல்லித்தான் அவளைச் சேர்த்தான். ஆறு மாதம் முடிந்தது. கடிதம் வரவில்லை.

அந்தக் கடிதம் அவளுக்கு எவ்வளவு முக்கியம் என்பது இருவருக்கும் தெரியும். முப்பத்து நான்கு வயது. இங்கே சேருமுன் இரண்டு இடங்களில் நேர்முகத் தேர்வு நன்றாகவே நடந்தது. இரண்டு இடத்தாரும் அவளுடைய பழைய கம்பெனிகளுக்குப் போன் போட்டு விசாரித்தார்கள். அதன் பிறகு ஒருவரும் கூப்பிடவில்லை. இங்கிருந்தும் கடிதமில்லாமல் வெளியேறினால் இந்த ஊரில் இந்தத் தொழிலில் அவளுக்கு நான்காவது வாசல் கிடையாது.

அப்படியிருக்கும்போதுதான் ஜானு மாமியின் வேலை வந்தது.

ஜானு மாமி மயிலாப்பூரில் தெற்கு மாட வீதிக்கு அருகே கல்யாண மையம் நடத்தியவர். ஜாதகங்களை வாங்கி அடுக்கிவைத்து, பெண் வீட்டாருக்குப் பையனையும் பையன் வீட்டாருக்குப் பெண்ணையும் காட்டுவார். அமெரிக்க மாப்பிள்ளைகளின் பெற்றோர் கேட்கத் தொடங்கியதால், ஜாதகங்களையெல்லாம் இணையத்தில் ஏற்ற முடிவு செய்தார். ஒரு ஜாதகத்தைத் தேர்ந்தெடுத்து "பொருத்தம் பார்" என்ற பட்டனை அமுக்கினால் பொருந்தும் ஜாதகங்கள் வரிசையாக வர வேண்டும்.

"அமுக்கினவுடனே வந்துடும் மாமி" என்று சாய்நாத் சொல்லிவிட்டான்.

வரவில்லை. ஜாதகங்கள் இருந்த கம்ப்யூட்டர் அமெரிக்காவில் இருந்தது. வாடகைக்கு எடுத்தது, இன்னும் பல கம்பெனிகளோடு பங்கு. ஒவ்வொரு ஜாதகத்தையும் எடுத்துப் பத்துப் பொருத்தமும் பார்த்து, பிறகு தோஷத்தையும் ஒப்பிட்டு, அடுத்ததுக்குப் போக வேண்டும். எல்லாம் பார்த்து முடிக்க ஒன்றரை நிமிடம், சில நாள் இரண்டு நிமிடம். அதுவரை பார்ப்பவர் முன்னால் திரை வெறும் வெள்ளையாக இருக்கும்.

"சார், வேலை நடக்குதுன்னு எதாவது காட்டணும்" என்றாள் ஆரோக்கியமேரி. "சும்மா வெள்ளையா விட்டா ஜனங்க திரும்பத் திரும்ப அமுக்கும். ஒவ்வொரு அமுக்குக்கும் புதுசா ஒரு தேடல் ஆரம்பிக்கும். பழசும் நிக்காது. மெஷின் படுத்துடும்."

"காத்திருங்கன்னு போட்டா, நம்ம பக்கம் ஸ்லோன்னு நாமளே போர்டு மாட்டின மாதிரி இல்ல?"

"ஸ்லோதானே சார்?"

"அதை நீங்க சொல்ல வேண்டாம், மேரி."

பேச்சு அங்கே முடிந்தது. வெள்ளைத் திரை அப்படியே மாமியின் மையத்துக்குப் போயிற்று.

கோபாலபுரத்திலிருந்து ஓர் அம்மாள் தன் மகள் ஸ்ரீரஞ்சனிக்குப் பார்க்க வந்தாள். மாமி அவளைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்துப் பட்டனைக் காட்டிவிட்டு, வாசலில் பூக்காரியோடு பேசப் போனார். அம்மாள் அமுக்கினாள். திரை வெள்ளையாயிற்று. கொஞ்சம் பொறுத்து இன்னொரு முறை அமுக்கினாள். பிறகு பலமுறை. திரை வெள்ளையாகவே இருந்தது.

கடையிலோ வங்கியிலோ இப்படி நடந்திருந்தால் மெஷின் கெட்டுவிட்டது என்று எழுந்து போயிருப்பாள். ஜாதகம் பார்க்குமிடத்தில் அப்படி யாரும் நினைப்பதில்லை. கேட்ட கேள்விக்கு ஒன்றுமே வராவிட்டால் அதுவே பதில். உலகத்தில் ஒரு பையனுடைய ஜாதகமும் தன் மகளுக்குப் பொருந்தவில்லை என்று அந்த அம்மாள் எடுத்துக்கொண்டாள். மாமியிடம்கூடச் சொல்லாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள். பரிகாரம் செய்ய வைத்தீஸ்வரன்கோயிலுக்கு ரயில் டிக்கெட்டும் எடுத்துவிட்டாள். அதன் பிறகுதான் மாமிக்கு விஷயம் தெரிந்தது. அதே ஜாதகத்தை ஆரோக்கியமேரி அலுவலகத்தில் போட்டுப் பார்த்தபோது முப்பதுக்கு மேற்பட்ட பையன்கள் வந்தார்கள்.

மாமி போனில் கத்திய கத்தல் மாடிப்படி வரை கேட்டது. சாய்நாத் ரிசீவரை வைத்துவிட்டு, அது தன் சொந்த யோசனை போல, "வெயிட்டிங்ல ஏதாவது காட்டணும்" என்றான்.

படங்கள் வரைவது காஷிஃபின் வேலை. ராயப்பேட்டைக்காரன், கம்பெனியில் ஆரோக்கியமேரியோடு சண்டை போடாத ஒரே ஆள். சாய்நாத் அவனை அழைத்து, ஒரு பிள்ளையார் படம் திரை நடுவில் மெல்லச் சுற்ற வேண்டும் என்றான். சுற்றியது. மாமிக்குக் காட்டினார்கள்.

"ஏன்டாப்பா, உனக்கு மூளை இருக்கா?" என்றார் மாமி. "பிள்ளையாரை நாமதான் சுத்தணும். அவர் நம்ம முன்னாடி பம்பரமாட்டம் சுத்துவாரோ?"

பிள்ளையார் போய்க் குத்துவிளக்கு வந்தது. முதலில் வெறும் திரி, பிறகு சுடர் பற்றி நிமிர்ந்து, ஆடி, சிறுத்து அடங்கி, மறுபடி பற்றும். ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் சில படங்கள்தான். பார்க்க அழகாகவே இருந்தது.

ஆரோக்கியமேரி தன் பங்குக்கு வேறொன்று எழுதி வைத்திருந்தாள். பட்டனை அமுக்கியவுடன் ஒரு பக்கம் வந்துவிடும். அது சில நொடிகளுக்கு ஒருமுறை அமெரிக்காவிலிருக்கும் மெஷினிடம் "எவ்வளவு ஆச்சு?" என்று கேட்கும். மெஷின் அதுவரை பார்த்த ஜாதகங்களின் எண்ணிக்கையைச் சொல்லும். அந்த எண் திரையில் ஏறிக்கொண்டே போகும். விளக்குமில்லை, கோலமுமில்லை.

சாய்நாத் அதை முழுதாகக்கூடப் பார்க்கவில்லை. "இது என்ன, ஆட்டோ மீட்டரா? ஓட ஓட ஜனங்களுக்கு வயிறு எரியும். விளக்கைப் போடுங்க."

"அந்த விளக்குக்கும் உள்ள நடக்குற வேலைக்கும் சம்பந்தமே இல்ல சார். மெஷின் செத்துப் போனாலும் அது பாட்டுக்கு எரியும்."

"எரியட்டும். காஷிஃப், முப்பது செகண்ட் ஓடினா போதும். நம்ம தேடல் அதுக்கு மேல போகாது."

"ஒன்றரை நிமிஷம் போவுது" என்றாள்.

"மேரி, உங்க கன்ஃபர்மேஷன் லெட்டர் என் டிராயர்லதான் இருக்கு. ஞாபகம் வெச்சுக்கோங்க."

அவள் வாயை மூடிக்கொண்டாள். அவள் வாழ்க்கையில் அது அபூர்வமான காரியம். செய்த பிறகு நாள் முழுவதும் தலையை வலித்தது.

விளக்கு ஏற்றப்பட்ட முதல் வாரத்திலேயே மாமி, மஹதி என்ற பெண்ணின் குடும்பத்தை வரவழைத்திருந்தார். பெண்ணுக்கு வயது ஏறிக்கொண்டிருந்தது. தாய், தகப்பன், மாமா என்று கூட்டமாக வந்து கம்ப்யூட்டரைச் சுற்றி நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். மாமி தம் கையாலேயே பட்டனை அமுக்கினார். திரையில் விளக்கு பற்றியது. பெண்ணின் தாய் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சுடர் அடங்கி அடங்கி எரிந்தது. எல்லோரும் அமைதியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முப்பது நொடி முடிந்தது. ஓட்டம் நின்றது. கடைசிப் படம் எதுவோ அதுவே திரையில் தங்கும். கடைசிப் படம் சுடர் இல்லாத கருத்த திரி.

தேடல் இன்னும் பாதிகூட முடியவில்லை. அணைந்த விளக்கு அவர்கள் முன்னால் ஒரு நிமிடத்துக்கு மேல் நின்றது. பெண்ணின் மாமா முதலில் எழுந்தார். தாய் புடவைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு பின்னால் போனாள். அவர்கள் வாசலைத் தாண்டியபோது பொருத்தமான பையன்களின் பட்டியல் திரையில் வந்து விழுந்தது. பார்க்க ஆளில்லை.

மாமி அன்றே ஆட்டோ பிடித்து வந்தார். மாடியேறிய மூச்சிரைப்பு அடங்கவில்லை.

"கல்யாணத்துக்கு ஜாதகம் பார்க்கறச்சே விளக்கை அணைச்சுக் காட்டறேளே, நீங்கள்ளாம் மனுஷாளா? அவா எழுந்து போயிட்டா! குளத்தங்கரை பூரா இதே பேச்சு. என் முப்பது வருஷப் பேரு போச்சு!"

"மாமி, உட்காருங்க. இது எழுதினவங்க பண்ண தப்பு" என்று சாய்நாத் ஆரோக்கியமேரியைக் கை காட்டினான். "இவங்கதான் பார்த்துக்கறாங்க."

காஷிஃப் தலையைத் தூக்கினான். "சார், நீங்கதானே முப்பது செகண்டுன்னீங்க? நானு அத்த வெச்சிதான் போட்டுக்கினு..."

"நீ சும்மா இரு."

கோபம் வந்தால் ஆரோக்கியமேரியின் பேச்சு நேராகச் சாந்தோம் கடற்கரைக்கு இறங்கிவிடும். "இன்னா சார், விளக்கு நான் வெச்சேனா? ஒன்றரை நிமிஷம் ஆவும்னு நான் கத்தலயா? லெட்டர் டிராயர்ல கீதுன்னு சொல்லி வாய அடைச்சது யாரு?"

"பாருங்க மாமி, எப்படிப் பேசறாங்க பாருங்க."

"அவ பேசறது இருக்கட்டும்" என்றார் மாமி. "ஒன்றரை நிமிஷமா? பட்டனை அமுக்கினா வந்துடும்னு எங்கிட்ட சொன்னவன் யாரு?"

சாய்நாத் கழுத்துப் பட்டனைக் கழற்றிவிட்டுக்கொண்டான்.

ஆரோக்கியமேரி தன் பக்கத்தைத் திறந்து மாமி முன்னால் திருப்பி வைத்தாள். "அமுக்குங்க."

மாமி அமுக்கினார். எண் ஏறத் தொடங்கியது. நூறு தாண்டியது, முந்நூறு தாண்டியது. மாமியின் மூச்சு சீரானது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "இது நன்னாருக்கே! யாரோ உள்ள உக்காந்து புரட்டிண்டு இருக்கற மாதிரி தெரியறதே. இப்படித் தெரிஞ்சா யாரு எழுந்து போவா?" ஆயிரத்தைத் தாண்டியது. மாமி சாய்நாத்தைப் பார்த்து, "இதைப் போடாம விளக்கைப் போட்டியா நீ?" என்றார்.

இரண்டாயிரத்து முந்நூற்றுச் சொச்சத்தில் எண் நின்றது. பட்டியல் வந்தது.

மாமியின் முகம் மாறியது. "என்னது இது, ரெண்டாயிரத்து முந்நூறுலயே நின்னுடுத்து? மீதி எங்கே?"

மாமியின் விளம்பரம் பத்திரிகைகளில் வாராவாரம் வரும். பதினைந்தாயிரம் ஜாதகங்கள் என்று அதில் கொட்டை எழுத்தில் இருக்கும்.

"மீதி உங்ககிட்டதான் இருக்கணும் மாமி" என்றாள் ஆரோக்கியமேரி. "நீங்க குடுத்தது இவ்ளோதான்."

கீழே பாத்திரக் கடையில் யாரோ அண்டாவை உருட்டினார்கள். மாமி விரலால் மூக்குத்தியைத் திருகினார்.

"கல்யாணம் ஆனவாளையும் சேர்த்தா பதினஞ்சாயிரம் வரும்" என்றார்.

"கல்யாணம் ஆன பையனுக்கு எதுக்கு மாமி பொருத்தம்?"

காஷிஃப் சிரிப்பை அடக்க முடியாமல் மேஜைக்குக் கீழே எதையோ தேடுவது போலக் குனிந்தான். சாய்நாத்துக்கு மூச்சு திரும்பி வந்திருந்தது. "ஒண்ணும் பிரச்சினை இல்ல மாமி. வெறும் நம்பர்தானே? ஏழால பெருக்கிப் போட்டா ஆச்சு. யார் உள்ள போய் எண்ணப் போறாங்க? மேரி, மாத்திடுங்க."

"மாட்டேன்."

"ஒரே ஒரு வரி."

"ஒரு வரிதான். மாட்டேன். மெஷின் பார்க்காத ஜாதகத்தப் பார்த்துச்சுன்னு நான் எழுத மாட்டேன். வெள்ளைத் திரையே தேவலாம் சார், அது பொய் சொல்லல."

"அப்போ காஷிஃப் மாத்துவான்."

"எனுக்கு அதெல்லாம் தெரியாது சார்" என்றான் காஷிஃப் மேஜைக்கடியிலிருந்து.

சாய்நாத் எழுந்து நின்றான். "மேரி, நாளைக்கு நீங்க வர வேண்டாம்."

ஆரோக்கியமேரி எழுந்தாள். சாப்பாட்டு டப்பாவைப் பையில் வைத்தாள். கண்ணாடியைக் கழற்றிப் பெட்டியில் வைத்தாள். இந்த இடத்தில் அவளைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவளே பின்னால் காஷிஃபிடம் ஒப்புக்கொண்டது அது. பொய்யும் சொல்லாமல், மாமியின் விளம்பரத்தையும் காட்டிக்கொடுக்காமல், இதை எழுத ஒரு வழி இருந்தது. மாமியின் முகம் மாறிய கணமே அது அவளுக்குத் தோன்றிவிட்டது. இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு அது பெரிய யோசனையே அல்ல. சொல்லியிருந்தால் வேலையும் நின்றிருக்கும். ஆனால் அந்த இரண்டு பேரும் முழிக்கும் முழியைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் போல அவளுக்கு இருந்தது. அந்த ருசிக்காக வேலையையே பணயம் வைத்து அவள் பையின் ஜிப்பை இழுத்தாள். வீட்டில் அம்மாவிடம் என்ன சொல்வது என்று யோசித்தபடியே கதவு வரை வந்துவிட்டாள்.

"நில்லுடி" என்றார் மாமி.

அவள் நின்றாள்.

"நான் போன்ல கேக்கறவாளுக்கு எத்தனை ஜாதகம்னா சொல்றேன்? பாதி பார்த்தாச்சு, முக்கால்வாசி பார்த்தாச்சுன்னுதான் சொல்லுவேன். உன் மெஷினுக்கு அப்படிச் சொல்லத் தெரியாதோ?"

"தெரியும். நூத்துக்கு இவ்ளோ முடிஞ்சுதுன்னு போடலாம்."

"அதுல பொய் இருக்கோ?"

"இல்ல."

"எத்தனை நாளாகும்?"

"பத்து நிமிஷம்."

மாமி அவளைத் தலை முதல் கால் வரை பார்த்தார். "அப்போ எதுக்குடி இத்தனை நேரம் பிடிச்சு வெச்ச பிள்ளையாராட்டம் நின்னே? முதல்லயே சொல்றதுக்கு என்ன கேடு?"

"நீங்க அதக் கேக்கலயே மாமி. பொய் எழுதத்தானே கேட்டீங்க?"

"கடங்காரி!" என்றார் மாமி. அதில் பாராட்டு ஏதும் இல்லை. சாய்நாத் பக்கம் திரும்பினார். "ஆவணி பொறக்கப் போறது. எனக்கு நாளைக்குக் கார்த்தால இது வேணும். இவளை அனுப்பிட்டு யாரை வெச்சு எழுதுவியோ எனக்குத் தெரியாது. இல்லேன்னா என் ஜாதகத்தையெல்லாம் திருப்பிக் குடுத்துடு."

சாய்நாத் ஆரோக்கியமேரியைப் பார்த்தான். அவளைப் பிடிக்காமல் போனதற்கு அவனுக்கு அதுவரை காரணங்கள் பல இருந்தன. இப்போது எல்லாம் சேர்ந்து ஒன்றாயிற்று. "வந்து உட்காருங்க" என்றான்.

அவள் வரவில்லை. "லெட்டர்" என்றாள்.

"முதல்ல வேலைய முடிங்க."

"ஆறு மாசம் முடிச்சாச்சு சார்."

மாமி கைப்பையிலிருந்து விசிறியை எடுத்து வீசிக்கொண்டார். இருவரில் யாருக்காகவும் அவர் பேசவில்லை. அவருக்கு அவசரம் மட்டும் இருந்தது. அது போதுமானதாக இருந்தது.

சாய்நாத் டிராயரை இழுத்தான். அதில் கடிதம் இல்லை. எப்போதும் இருந்ததில்லை. பழைய ரசீதுகளும் ஒரு தலைவலித் தைல டப்பாவும் இருந்தன. ஆரோக்கியமேரி எட்டிப் பார்த்து, பார்த்ததை எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். அவன் கம்ப்யூட்டரில் கடிதத்தை அடித்தான். பிரிண்டர் வரி வரியாகக் கத்திக்கொண்டே அச்சடித்தது. கையெழுத்துப் போட்டுத் தாளை மேஜை மேல் தள்ளினான். அது வழுக்கித் தரையில் விழுந்தது. காஷிஃப் எடுத்துக் கொடுக்கக் குனிந்தான்.

"விடு" என்றாள் அவள். "கீழ போட்டவரே எடுக்கட்டும்."

மாமியின் விசிறி நின்றது. சாய்நாத் குனிந்து எடுத்தான்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடிதத்தை முழுதும் படித்து, மடித்து, பைக்குள் வைத்துக்கொண்ட பிறகுதான் அவள் மேஜைக்குப் போனாள். சொன்னபடி பத்து நிமிடத்தில் முடித்தாள். அவள் எழுதிய பக்கம் மாமியின் மையத்தில் அதன் பிறகு பல ஆண்டுகள் ஓடியது. திரையில் நூற்றுக்கு நூறு வரும்வரை யாரும் எழுந்து போனதாகப் புகார் வரவில்லை. சாய்நாத்தும் அவளும் அதே இரண்டு அறைகளில் நாலு வருடம் வேலை பார்த்தார்கள். வேலைக்கு வெளியே ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.